அம்புலன்ஸில் நோவைத் தணிக்க எது சிறந்தது: மோர்பினா, கெட்டமினா, உறிஞ்சும் மருந்தா?

கடும் நோவு என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மோர்பின். வைத்தியசாலைக் கட்டிலில் அது நல்ல மருந்துதான். ஓடும் அம்புலன்ஸுக்குள் அதையே முதல் தெரிவாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பனையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த சீவல் தொழிலாளி ஒருவருக்கு உள்ளே இரத்தம் கசிந்து, அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். மோர்பின் அதை இன்னும் இறக்கக்கூடும். மூச்சை மந்தமாக்கும், குமட்டலும் வரும். நாளத்தில் ஏற்றினாலும் முழு வேகம் பிடிக்க ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆகும். சாவகச்சேரியிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகும் வழியில் பாதி நேரம் அதிலேயே கழிந்துவிடும். ஆனால் நெடுந்தீவு நோயாளிக்குக் குறிகட்டுவான் வரை படகில் ஒரு மணி நேரம், பிறகு தரைவழி. அங்கே 3 முதல் 4 மணி நேரம் தாங்கும் மோர்பினுக்கு இடம் உண்டு. அளவு மிஞ்சினால் முறிக்க நலொக்சோனும் இருக்கிறது.

பென்டனில் (fentanyl) என்ற, மோர்பின் இனத்து மருந்து ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யும், இரத்த அழுத்தத்தையும் அவ்வளவாகக் கெடுக்காது. ஊசிக்கு அலறும் குழந்தைக்கு மூக்கு வழியாகத் தெளிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

பனையிலிருந்து விழுந்தவருக்கு நான் கேட்பது, பெரிய அளவில் மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் அது நோவை அடக்கும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். மூச்சையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். சிலருக்கு மாயத் தோற்றங்கள் வந்து பயந்துபோவார்கள். பக்கத்தில் ஒருவர் அமைதியாகப் பேசிக்கொண்டே இருப்பது அதற்குப் பெரிதும் உதவும். தலைக்காயத்தில் கூடாது என்ற பழைய அச்சத்தைப் பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் தளர்த்திவிட்டன.

ஊசி வேண்டாத வழிகள் இரண்டு. நைட்ரஸ் ஒக்சைட்டும் ஒட்சிசனும் சரிபாதி கலந்த வாயுவை நோயாளியே முகமூடியைப் பிடித்து உறிஞ்சுவார். மயக்கம் தட்டினால் கை தானாகவே விலகும். இந்தப் பாதுகாப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உடலுக்குள் அடைபட்ட காற்றை அது பெருக்கச் செய்யும். நெஞ்சில் அடிபட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவருக்கும், சிலிண்டருடன் கடலட்டைக்கு மூழ்கி எழுந்து மூட்டு நோவுடன் வருபவருக்கும் அதைக் கொடுக்கவே கூடாது. மற்றது மெதொக்சிபுளூரேன். அவுஸ்திரேலிய அம்புலன்ஸ்களில் பல தசாப்தங்களாகப் பயன்படும் பச்சைக் குழல் அது. 3 மில்லிலீற்றர் மருந்து தொடர்ந்து உறிஞ்சினால் 25, 30 நிமிடங்களுக்குப் போதும்; கனத்த சிலிண்டர் தேவையில்லை, படகிலும் கொண்டுபோகலாம். சிறுநீரக நோயாளி உட்படச் சிலருக்கு ஆகாது.

டைகுளோபெனக் என்ற நோவு மருந்து விடயத்தில் கண்டிப்பு வேண்டும். மாரிகாலத்தில் உடல் நோவுடன் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையாமல் போகலாம். இருவருக்கும் அது இரத்தக்கசிவை மோசமாக்கும். அங்கே பரசிட்டமோல் போதும்.

மருந்தே இல்லாத இரண்டை நான் எந்த ஊசிக்கும் முன்னே வைப்பேன். முறிந்த காலை இழுத்து அசையாமல் கட்டினால் நோவு வெகுவாகக் குறையும். திருக்கை முள் குத்திய மீனவரின் காலை, அவர் பொறுக்கக்கூடிய, 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாத சுடுநீரில் வைத்தால் பெரும்பாலும் நோவு நன்றாகத் தணியும். சூட்டின் அளவை நோகாத காலில் முதலில் பார்க்க வேண்டும்.

வடக்குக்கு 2018 இல் வந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையில் வருபவர் வைத்தியர் அல்லர், பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர். மோர்பினுக்குப் பூட்டும் பதிவேடும் வேண்டும், கெட்டமினுக்கு மூச்சைக் காக்கும் கைப்பழக்கம் வேண்டும். ஆகவே ஒன்றைத்தான் முதலில் வாங்க முடியும் என்றால், எல்லா வண்டிகளுக்கும் பச்சைக் குழல் என்பேன். கெட்டமினைத் தீவுப் பகுதிக்குச் செல்லும் குழுக்களுக்கு, தொலைபேசியில் வைத்தியரின் அனுமதியுடன், பயிற்சி முடிந்த பிறகு கொடுக்கலாம்.