14,500 ரூபாய்க்கு ஒரு சாம்பல் வள்ளம்

இன்று மதியம்தான் நான்காவது முறையாக ராமநாதபுரம் போய், வெறுங்கையோடு பாம்பன் பாலம் தாண்டித் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று எனக்கே தோன்றிவிடும்.

எனக்குத் தங்கச்சிமடம். வள்ளம், ஃபைபர் படகுகளுக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் முப்பரிமாண மாடல் வரைந்து கொடுப்பேன். வடிவம், அளவு எல்லாம் வரும். மேல்தோற்றம் மட்டும் எனக்குச் சரியாக வராது. மரம் மரம் மாதிரித் தெரிவது, பெயிண்ட் பளபளப்பது, இதெல்லாம்தான். மாடலை நிஜப் படம் மாதிரி எடுப்பதற்கு ரெண்டர் என்று பேர்; அதைப் போட்டால் என் பழைய கம்ப்யூட்டர் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர், ஊரில் கட்டப்போகும் வள்ளத்தை முன்கூட்டியே படமாகப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார். சரி, இந்த ஒரு வேலையை வெளியே கொடுப்போம் என்று நினைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

போன இடம், ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டரில் வரையும் 'கேட்' (CAD) வகுப்பும் நடத்தி, வெளிவேலையும் எடுத்துச் செய்யும் ஒரு மாடி சென்டர். பெயர் எழுதவில்லை. டவுனில் அந்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

அதை நடத்தும் தம்பி என்னை உட்காரவைத்து, டீ சொல்லி, என் பென் டிரைவைச் செருகி வள்ளத்தைத் திறந்தார். பக்கத்தில் இருந்த பட்டியலில் இருந்து தேக்குத் தோற்றத்தைக் காட்டும் ஒரு உருண்டையை மவுஸால் இழுத்து, அணியத்துப் (முன்பக்கத்து) பலகை மேல் போட்டார். உடனே பக்கத்தில் குட்டியாக ஒரு பட்டை எழும்பியது. தேக்கை எதன் மேல் போட வேண்டும், ஒரு முகத்துக்கு மட்டுமா, அம்சமா, பாடியா, முழு பார்ட்டுக்குமா (மாடல் முழுக்கவா) என்று கேட்கும் பட்டை. அவர் எதையோ ஒன்றை அழுத்தினார். அந்த ஒரு பலகை மட்டும் தேக்காக மாறி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. வாயைப் பிளந்துவிட்டேன். "எங்க அப்பத்தாவுக்குப் பாம்பன்தாண்ணே, வள்ளம்னா எனக்குத் தெரியாதா? ரெண்டே நாள்" என்றார். அந்த அப்பத்தாவில்தான் நான் விழுந்தேன். எந்த பட்டனை அழுத்தினார் என்று கவனித்திருக்க வேண்டும். நான் அப்பத்தாவைக் கவனித்தேன்.

14,500 ரூபாய். பாதி இப்போது, பாதி பிறகு என்றேன். "முழுசாப் போட்டுட்டா இன்னைக்கே உட்கார்ந்துருவேண்ணே" என்றார். ஃபோனில் அனுப்பும்போது குறிப்பில் 'ஃபீஸ்' என்று போடச் சொன்னார். கணக்குக்கு வசதியாக இருக்குமாம். போட்டேன். பில் கேட்கவில்லை. 14,500 ரூபாய்க்கு பில் கேட்காத முட்டாள் நான்தான்.

இரண்டு நாள் ஆறு நாளாயிற்று. நான்கு படங்கள் வந்தன. ஃபோனில் பார்த்தபோது எனக்கு நன்றாகத்தான் தெரிந்தன. மாமா வள்ளம் கட்டும் ஆசாரி. அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், "மாப்ள, ரேகை குறுக்க ஓடுதே. பலகையை இப்படி அறுத்துப் போட்டா முதல் அலையிலயே ஒடிஞ்சிரும்" என்றார். அப்புறம்தான் எனக்கும் கண்ணில் பட்டது. எல்லாப் பலகையிலும் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடாமல் மேலிருந்து கீழாக இறங்கியது. ஒவ்வொரு ரேகையும் கை அகலம். யானை கட்டும் தூணை அறுத்த மாதிரி. டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டும் மரப் படத்தை, திருப்பவும் இல்லை, அளவைக் குறைக்கவும் இல்லை, போட்டது போட்டபடி விட்டிருக்கிறார். திருப்புவதற்கும் சிறிதாக்குவதற்கும் தோற்றத்தை மாற்றும் பெட்டியிலேயே இடம் இருக்கிறது.

திருத்திக் கொடுங்கள் என்றேன். "ஃபைலை அனுப்புறேண்ணே, நீங்களே மாத்திக்கலாம், ஈஸிதான்" என்றார். ஃபைல் வந்தது. திறந்தால் தேக்கு எங்கே? ஏராவிலிருந்து (அடிக்கட்டையிலிருந்து) மேல்பலகை வரை மொட்டைச் சாம்பல். அவர் போட்ட மரப் படம் அவருடைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. எனக்கு வந்த ஃபைலில் அது எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான். சரி, ஒரே நிறமாவது கொடுப்போம் என்று முழு பார்ட்டுக்கும் பச்சை போட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு பலகை முகத்துக்கும் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். முகத்தில் போட்டது இருக்கும்வரை பார்ட்டில் போடுவது வெளியே தெரியாது. அன்றைக்கு எந்த பட்டனை அழுத்தினார் என்று அப்போதுதான் புரிந்தது. ராத்திரி இரண்டு மணிவரை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. "மரம் போட்டாச்சு, எடையும் கரெக்டா வந்துரும்" என்றும் சொல்லியிருந்தார். பார்த்தேன். அடர்த்தி 1000 என்று நின்றது. பொருள் எதுவுமே கொடுக்காவிட்டால் சாலிட்வொர்க்ஸ் எடுத்துக்கொள்ளும் எண் அது, கன மீட்டருக்கு 1000 கிலோ. தண்ணீரின் அடர்த்தி. மேலே தேக்கு பூசிய தண்ணீர் வள்ளம்! தோற்றம் வேறு, பொருள் வேறு என்பது முதல் வாரப் பாடம். அதைத்தான் அந்த சென்டரில் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உங்க கிராபிக்ஸ் கார்டு பழசுண்ணே." அடுத்து "வெர்ஷன் பிரச்சனை." நேரில் போனால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் "சார் மதுரை போயிருக்காங்க" என்கிறார். சாரின் பைக் கீழே நிற்கிறது. மூன்றாவது முறை போனபோது, திரும்ப ரெண்டர் போட 4,000 தனியாம். இன்றைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினார். 'பயிற்சிக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.' நான் எந்தப் பயிற்சிக்கும் சேரவில்லையே என்றேன். "நீங்கதானேண்ணே ஃபீஸ்னு போட்டு அனுப்பினீங்க?" என்றார். அண்ணே என்பதை மட்டும் விடவே இல்லை.

கீழக்கரைக்காரரிடம் கெட்ட பெயர். வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளியும் போய்விட்டது. கையில் இருப்பது 14,500 ரூபாய்க்கு ஒரு சாம்பல் வள்ளம்.

வேலையை வெளியே கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அவர் திரையில் பார்த்து மயங்காதீர்கள், உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஃபைலோடு சேர வேண்டியதையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தரும் 'பேக் அண்ட் கோ' போட்டு, தோற்றப் படங்களையும் சேர்க்கச் சொல்லி வாங்குங்கள். எந்த மென்பொருளிலும் திறக்கக் கொடுக்கும் ஸ்டெப் (STEP) ஃபைலில் நிறம் வரலாம், மர ரேகை வராது. "ஸ்டெப்ல எல்லாம் இருக்கு" என்று சொல்பவரிடம் நிற்காதீர்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் அவர் சொல்வதை எழுதாதீர்கள், வேலையின் பெயரை எழுதுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பலகையை போட்டோ எடுத்துக் குடுத்தா ஆகாதா மாப்ள?" என்று கேட்கிறார். ஆகும். நாளைக்கு அவர் இழைத்து வைத்திருக்கும் பலகையையே படம் எடுத்து ஒட்டப்போகிறேன், நீளவாக்கில்.

இதை எழுதும்போது அந்தத் தம்பிக்கு இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன். ரிங் போகிறது.