கட்டுரைப் பரிசா, ஜெஸ்ஸப் மூட் கோர்ட்டா?

சர்வதேச சட்டத்தில் எழுதிப் பேர் வாங்க, சென்னைச் சட்ட மாணவருக்கு வழி இரண்டு: கட்டுரைப் போட்டி, அல்லது ஜெஸ்ஸப் என்னும் மூட் கோர்ட், அதாவது மாதிரி நீதிமன்ற வாதப் போட்டி.

கட்டுரைப் போட்டி பெரும்பாலும் தனியாள் வேலை. தலைப்பை நம்மிடமே விட்டால் நம் கடலையே எடுக்கலாம். 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்கள் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. மீன் பிடிக்கலாம் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டை ஒன்றே ஒரு கட்டுரைக்குத் தாங்கும்.

1960இல் தொடங்கிய ஜெஸ்ஸப்பில் வழக்கே கற்பனை. ஒரே அணி, வழக்காடும் இரு நாடுகளுக்கும் மெமோரியல் (எழுத்து வடிவ வாதம்) எழுத வேண்டும்; காலையில் நிறுவியதை மாலையில் நாமே உடைக்க வேண்டும். மெமோரியலுக்குத் தனிப் பரிசும் உண்டு. ஆனால் அடிக்குறிப்பை யார் சரிபார்ப்பது என்ற சண்டை ஓயாது!

மேடை கூச்சமா? கட்டுரைதான். வாதாட வாய் துறுதுறுக்கிறதா? சரி, அடிக்குறிப்புக்குச் சலிக்காத கூட்டாளியை இப்போதே பிடித்து வையுங்கள்.