ஹோம் தியேட்டர் பிசியை சர்வீஸுக்குக் கொடுக்கும் கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஹோம் தியேட்டர் பிசி, அதாவது டிவியோடு சேர்த்துப் படமும் பாட்டும் போடும் கம்ப்யூட்டர், இருக்கிறது. அண்ணன் பெங்களூரில் வேலையில் இருந்தபோது எஸ்.பி. ரோட்டில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து அப்பாவுக்காகச் செய்தது. முன்பக்கம் நீலப்பச்சையில் ஒளிரும் விஎஃப்டி டிஸ்பிளே, வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி. ரிமோட்டுக்கான ஐஆர் ரிசீவரும் அதே போர்டில். அந்த போர்டு சவுண்ட்கிராஃப் கம்பெனியின் ஐமான். அப்பாவுக்கு 74 வயது. கை நடுக்கம் இருப்பதால் மவுஸ் பிடிக்க வராது. விடியற்காலை ஐந்து மணிக்கு டிவியைப் போடாமலே, அந்தச் சின்ன டிஸ்பிளேயில் பாட்டுப் பெயரைப் பார்த்து ரிமோட்டில் மாற்றிக்கொண்டே காபி குடிப்பார். பெயர்களை அண்ணன் இங்கிலீஷ் எழுத்தில்தான் போட்டு வைத்திருந்தான்.

மார்ச்சில் ஹார்டு டிஸ்க் போனது. நானே எஸ்எஸ்டி மாட்டி, உபுண்டு என்ற லினக்ஸும், படம் பாட்டு போடும் ‘கோடி’ (Kodi) மென்பொருளும் ஏற்றினேன். படம், பாட்டு எல்லாம் வந்தது. ரிமோட்டுக்கு மட்டும் அசையவில்லை, டிஸ்பிளேயும் இருட்டு. அன்றைக்கு, யுஎஸ்பியில் மாட்டியிருப்பதையெல்லாம் பட்டியல் போடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை அந்த போர்டுக்குக் காட்டிய எண்ணை நோட்டில் குறித்து வைத்தேன்: 15சி2:எஃப்எஃப்டிசி. என்னவென்று புரியாமல்தான் எழுதினேன். கடைசியில் என் கையில் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது. “ரிசீவர் போர்டு செத்துப் போச்சுக்கா. புதுசு போடணும், 3,800 ஆகும். புது டிஸ்பிளேல தமிழ்ப் பாட்டுப் பேரே தமிழ்ல ஓடும்.” அப்பா சந்தோஷப்படுவாரே என்று சரி சொன்னேன். பில் கேட்டதற்கு, “அப்புறம் தர்றேன்க்கா” என்றார். ஜிபேயில் பணம் போட்டதற்கான பதிவு மட்டும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இது நம்மளது இல்லம்மா, எழுத்தே தெரியல” என்றார். விஎஃப்டி தானே ஒளிர்வது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படிக்கலாம். இவர்கள் வைத்தது பின்னால் லைட் எரியும் சாதாரண எல்சிடி. கொஞ்சம் கீழேயிருந்து பார்த்தால் வெறும் வெளிச்சக் கட்டம்தான். பெட்டியைத் திறந்தேன். குளூ கன்னால் ஒட்டி வைத்திருந்தார்கள்.

தமிழில் ஓடும் என்றது சுத்தப் பொய். அந்த எல்சிடியில் இருப்பது ஹெச்டி44780 வகைச் சிப். அதற்குள் இங்கிலீஷ் எழுத்தும், வகையைப் பொறுத்து ஜப்பானிய அல்லது ஐரோப்பிய எழுத்தும்தான் பதிந்திருக்கும். நாமாக வரைந்து சேர்க்க 8 எழுத்துக்கு மட்டும் இடம் உண்டு, அதுவும் 5க்கு 8 புள்ளிக் கட்டத்தில். 8 கட்டத்தை வைத்து ‘கொ’வும் ‘ணை’யும் எழுதிப் பாட்டுப் பெயர் காட்ட முடியாது. தமிழ்ப் பெயர் வந்த இடமெல்லாம் குப்பைக் குறிகள்தான் வந்தன.

ரிமோட்டை ஒரு தடவை அமுக்கினால் இரண்டு வரி தாண்டியது. திரும்பப் போனபோது “பட்டன் தேஞ்சிருக்கு” என்று 650 ரூபாய்க்குப் புது ரிமோட் கொடுத்தார்கள். அதிலும் அப்படியே. ரிமோட்டில் கோளாறே இல்லை. புது ரிசீவரின் சிக்னலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கீபோர்டு விசையாக மாற்றிக் கோடிக்கு அனுப்புகிறது. கடையில் ஏற்றிவிட்ட லிர்க் (LIRC) என்ற ரிமோட் மென்பொருளும் அதே அமுக்கலை இன்னொரு முறை அனுப்புகிறது. லிர்க்கை நிறுத்தியதும் பழைய ரிமோட்டே சரியாகிவிட்டது. உங்கள் ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்கே போக வேண்டாம். செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்குங்கள், ஊதா நிறத்தில் மினுக்கும். சில போன்களின் பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும், செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

ரிமோட்டில் பிசி ஆன் ஆகவில்லை என்றதற்கு எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, மாற்ற 2,400 கேட்டார்கள். அதை நான் கொடுக்கவில்லை. எங்கள் பெட்டியில் பழைய போர்டிலிருந்து மதர்போர்டின் பவர் சுவிட்ச் பின்னுக்கு வயர் போகும். அதைப் பிடுங்கி அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள்.

எல்எஸ்யுஎஸ்பி போட்டுப் பார்த்தேன். 15சி2 என்ற எண்ணே இல்லை, எங்கள் போர்டு பெட்டியில் இல்லை என்று அர்த்தம். நோட்டையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். “லினக்ஸ்ல இதெல்லாம் வராதுக்கா” என்றார் கடைக்காரர். சித்தப்பா, “வராட்டி போகட்டும் தம்பி, எங்க பொருளக் குடு” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு டப்பாவில் எங்கள் விஎஃப்டி வந்தது. விற்பதற்காகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

செத்துப் போனதாகச் சொன்ன போர்டு அன்றிரவே ஒளிர்ந்தது. இந்த எஃப்எஃப்டிசி எண்ணை விஎஃப்டி, எல்சிடி, டிஸ்பிளே இல்லாதது என எல்லா வகைக்கும் அந்தக் கம்பெனி போட்டிருக்கிறது. கெர்னல் எந்த வகை என்று ஊகித்துக்கொள்ளும், சில சமயம் தப்பாகிவிடும். கெர்னலில் இந்த போர்டை இயக்கும் ஐமான் மாட்யூலுக்கு டிஸ்பிளே டைப் 1, அதாவது விஎஃப்டி என்று சொல்லிவிட்டு, டிஸ்பிளேக்கு எழுத்தை அனுப்பும் எல்சிடிபிராக் (LCDproc) மென்பொருளை ஓடவிட்டதும் எழுத்து வந்தது. ரிமோட் விஷயமும் அதே மாதிரிதான். இந்த ரிசீவர் ஐமான் ரிமோட், மீடியா சென்டர் ரிமோட் இரண்டையும் படிக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். எங்களுடையது மீடியா சென்டர் வகை. ஐஆர்-கீடேபிள் (ir-keytable) கட்டளையில் ரிசீவரை அந்த வகை ரிமோட்டின் சிக்னல் முறையான ஆர்சி-6 என்று மாற்றியதும் வேலை செய்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை.

கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து முன்பக்க போர்டின் இரு பக்கமும் போட்டோ எடுங்கள், எல்எஸ்யுஎஸ்பி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள். வாங்கும்போது பிசியை முழுசாக அணைத்துவிட்டு, ரிமோட்டிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

4,450 ரூபாய் இன்னும் வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அந்த எல்சிடியைக் கழற்றிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு.