நியரா, க்ளோஸா?

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல" என்பதை இங்கிலீஷில் எழுதப் போனால் கை தயங்கும்.

இடம்: இரண்டும் சரி. நியர் என்றால் 'டு' தேவையில்லை: 'நியர் த பஸ் ஸ்டாண்ட்'. க்ளோஸ் என்றால் 'டு' கட்டாயம். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான்.

உறவு: 'க்ளோஸ் ஃப்ரெண்ட்' உண்டு, 'நியர் ஃப்ரெண்ட்' கிடையாது.

காலம்: 'நியர் ஃபியூச்சர்' உண்டு, 'க்ளோஸ் ஃபியூச்சர்' கிடையாது.

'லி' சேர்த்தால் வேடிக்கை. நியர்லி என்றால் கிட்டத்தட்ட (நம் 'கிட்ட'வும் அப்படித்தானே நீண்டது!), க்ளோஸ்லி என்றால் உன்னிப்பாக.

முகவரிக்கு நியர் எழுதுங்கள், வேலை சுலபம். நெருங்கிய ஆள், இழுபறியான மேட்ச் என்றால் க்ளோஸ். ஆனால் கதவைச் சாத்தும் க்ளோஸ் வேறு. அதன் கடைசி ஒலியில் ('z') வண்டு ரீங்காரம் கேட்கும்.