எண்ணுக்குப் பெயர் சொல்லும் பட்டியல்: 12 ஆண்டுப் பழக்கம்

அப்போதுதான் வின்டோஸ் 7 நிறுவி முடித்திருந்த கணினி அது. டிவைஸ் மேனேஜரில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்ற வரியில் மஞ்சள் முக்கோணம் நின்றது. சிப்பின் பெயர் எங்கும் இல்லை. விவரப் பகுதியைத் திறந்தால் நிறுவன எண் 8086, சாதன எண் 1502 என்று மட்டும் இருந்தது. இணையத்தில் தேடிப் பார்க்கலாம் என்றால், இணையத்துக்குப் போகும் வழியே அந்தச் சிப்தான். பென் டிரைவில் இருந்த லினக்ஸைக் கொண்டு அதே கணினியை இயக்கி, டெர்மினலில், கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைத் தட்டினேன். ‘இன்டெல் 82579எல்எம் கிகாபிட் நெட்வொர்க் கனெக்‌ஷன்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்த டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளை, தேடுவது என்ற குழப்பம் அந்த நிமிடத்தில் தீர்ந்தது.

அதன்பின் 12 ஆண்டுகளாக, கையில் வரும் எந்தக் கணினியிலும் நான் முதலில் தட்டுவது இந்தக் கட்டளையைத்தான்.

பிசிஐ என்பது நெட்வொர்க், கிராபிக்ஸ் போன்ற சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் முறை. பிசிஐ சாதனம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதில்லை. அதனிடம் இருப்பவை எண்கள். அதன் அமைவுப் பகுதியின் முதல் இரண்டு பைட்டுகள் நிறுவன எண், அடுத்த இரண்டு பைட்டுகள் சாதன எண். நிறுவன எண்ணை, இந்த முறையின் தரத்தை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பு வழங்குகிறது. சாதன எண்ணைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்கிறார். இன்டெல்லின் எண் 8086. 1978இல் வெளிவந்த அதன் செயலியின் பெயரும் அதுவே என்பதால் ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. இந்த எண்களுக்குரிய பெயர்கள் பிசிஐ.ஐடிஎஸ் என்ற சாதாரண உரைக்கோப்பில் இருக்கின்றன. செக் நாட்டு நிரலாளர் மார்ட்டின் மரேஷ் எழுதிய, எல்எஸ்பிசிஐ அடங்கிய பிசிஐயூட்டில்ஸ் தொகுப்பு அந்தக் கோப்பைப் படித்துத்தான் நமக்குப் பெயர் சொல்கிறது. கோப்பைத் திறந்து பார்ப்பதே எனக்கு ஒரு மகிழ்ச்சி. நிறுவனப் பெயர் வரியின் தொடக்கத்திலேயே இருக்கும். சாதனம் ஒரு டேப் தள்ளி. அந்தச் சிப்பைத் தன் அட்டையில் பொருத்தி விற்கும் நிறுவனத்தின் விவரம் இரண்டு டேப் தள்ளி. 30 ஆயிரம் வரிகளைத் தாண்டிய கோப்பு, இந்த ஒரே ஒழுங்கில் நிற்கிறது.

பல ஆண்டுகள் பயன்படுத்தியும் எனக்குத் தாமதமாகப் புரிந்தது ஒன்று உண்டு. கணினி இந்தப் பெயரைப் படிப்பதே இல்லை. ஒரு மடிக்கணினியில் வைஃபை அட்டையை மாற்றினேன். எல்எஸ்பிசிஐ அதை ‘இன்டெல், டிவைஸ் 2723’ என்று மட்டும் காட்டியது. பெயரே தெரியவில்லையே, அட்டை பொருந்தவில்லை போலும் என்று நினைத்து இரண்டு முறை கழற்றி மாட்டினேன். வைஃபை அதுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. டிரைவருக்கு 8086, 2723 என்ற எண்கள் தெரியும், அது போதும். என் கணினியில் இருந்த பெயர்ப் பட்டியல்தான் பழையது. அப்டேட்-பிசிஐஐடிஎஸ் கட்டளையை ஓட்டியதும் ‘வைஃபை 6 ஏஎக்ஸ்200’ என்ற பெயர் வந்தது. வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இதனால்தான் இப்போது ‘-என்என்’ என்ற தெரிவையும் சேர்த்தே தட்டுகிறேன். பெயரோடு எண்ணும் வரும். ‘-கே’ சேர்த்தால் எந்த டிரைவர் அந்தச் சாதனத்தைக் கையில் வைத்திருக்கிறது என்பதும் தெரியும். உதவி கேட்பவர்களிடமும் இந்த இரண்டையும் சேர்த்து எடுத்த வரிகளைத்தான் கேட்கிறேன்.

பெயர் வந்துவிட்டாலும் முழு விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. பயன்படுத்திய ஏஎம்டி கிராபிக்ஸ் அட்டை ஒன்றை வாங்குவதற்கு முன் சோதித்தேன். 1002, 67டிஎஃப் என்ற எண்களுக்குப் பட்டியல் தந்த பெயரில் ரேடியான் 470, 480, 570, 580, 590 எல்லாம் ஒரே அடைப்புக்குள் வரிசையாக நின்றன. ஒரே சிப் குடும்பம், ஒரே சாதன எண். விலை பேச வேண்டிய இடத்தில் இந்தப் பதில் போதாது. அதே வரியின் கடைசியில் வரும் திருத்த எண்தான், அதாவது சிப்பின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்தான், அங்கே உதவியது. அதைப் பார்க்காமல் அட்டை வாங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

யூஎஸ்பி பக்கம் நிலைமை வேறு. யூஎஸ்பி சாதனம் தன் பெயரைத் தனக்குள்ளேயே எழுத்தாக வைத்திருக்க வழி உண்டு. பல சாதனங்கள் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே எண்ணையே நம்ப முடியாத நேரமும் வரும். 0403, 6001 என்ற எண்களைக் காட்டும் சீரியல் கேபிளை, எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப் என்று யூஎஸ்பிக்கான பெயர்ப் பட்டியல் சொல்லும். அதே எண்களைச் சுமந்துகொண்டு போலிச் சிப்புகளும் சந்தையில் ஏராளம். 2014இல் எஃப்டிடிஐயின் வின்டோஸ் டிரைவர் இத்தகைய போலிகளின் சாதன எண்ணை 0000 என்று மாற்றியது. அறியாமல் வாங்கியவர்களின் கேபிள்கள் திடீரென்று செயலிழந்தன. பட்டியலின் மீது இதில் குற்றம் இல்லை. சாதனம் சொல்லும் எண்ணுக்குத்தான் அது பெயர் தருகிறது. சாதனமே பொய் சொன்னால் அது என்ன செய்யும்?

எனக்கு உள்ள உண்மையான குறை, பெயர்ப் பட்டியல் ஒரே கணினியில் பல பிரதிகளாகக் கிடப்பதுதான். பிசிஐ.ஐடிஎஸ் கோப்பைப் புதுப்பித்தால் எல்எஸ்பிசிஐ புதிய பெயரைச் சொல்லும். ஆனால் லினக்ஸில் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற நிரல் தனக்கென்று ஒரு வன்பொருள் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதை நம்பும் நிரல்கள் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரே சாதனத்துக்கு இரண்டு திரைகளில் இரண்டு பெயர்களைப் பார்த்து ஒரு மாலை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். ஒருமுறை புதுப்பித்தால் எல்லா இடத்திலும் மாறும்படி இது அமைய வேண்டும்.

இந்தப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் ஒரு பெயரை முன்மொழியலாம். பொறுப்பாளர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள். என்னிடம் இருந்த பழைய ஒலி அட்டை ஒன்றுக்கு, சிப்பின் பெயர் பட்டியலில் இருந்தது. அட்டையின் பெயர் இல்லை. அட்டையைக் கழற்றி, அதில் அச்சாகியிருந்த மாதிரி எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் படித்து, எல்எஸ்பிசிஐ தந்த வரிகளோடு அனுப்பிவைத்தேன். சில மாதங்கள் கழித்து வேறொரு கணினியில் லினக்ஸ் நிறுவியபோது, ஞாபகம் வந்து கோப்பைத் திறந்து தேடினேன். இரண்டு டேப் தள்ளி, நான் அனுப்பிய பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.