பேக்கரி டாக்கோவா, ட்ரக் டாக்கோவா: கிழக்கு சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக் கணக்கு

நாங்கள் கலிஃபோர்னியாவின் கிழக்கு சான் ஹோசேக்கு, கிங் ரோடு பக்கம், வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது. பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் குடியிருந்த பேட்டை. அப்போது தெருவெல்லாம் மழைக்குச் சேறாகி வண்டி புதைந்துவிடுமாம். அதனால் 'சால் சி புவேதேஸ்', அதாவது 'முடிந்தால் வெளியேறிப் பார்' என்று ஏரியாவுக்கே பெயர். இப்போது தார்ச்சாலை பளபளக்கிறது, பார்க்கிங்தான் கிடைப்பதில்லை.

நடந்து போகிற தூரத்தில் இரண்டு இடங்கள். ஒன்று மெக்சிகன் பேக்கரி, உள்ளேயே ஓரமாக டாக்கோ (மெல்லிய சோளச் சப்பாத்தியில் கறியோ காயோ வைத்து மடித்துத் தருவது) கவுண்டர். மற்றது டயர் கடை வாசலில் பொழுது சாய்ந்ததும் வந்து நிற்கும் டாக்கோ ட்ரக். மகன் பிறந்தநாளுக்கு நாற்பது பேருக்குச் சாப்பாடு சொல்ல வேண்டி வந்தபோது எங்கே சொல்வது என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் பேக்கரியில்தான் சொன்னோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

விலை, நேரம் எல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். ட்ரக்கில் ஒரு டாக்கோ அரை டாலர் குறைவு. நள்ளிரவு வரை அடுப்பு எரியும். பேக்கரி ராத்திரி எட்டுக்கு ஷட்டர் இறக்கிவிடும், ஆனால் காலை ஆறுக்கே திறந்திருக்கும். உட்கார மேஜை வேண்டுமென்றால் பேக்கரி.

ரொட்டிப் பக்கம் ட்ரக்குக்குப் போட்டியே இல்லை. வாசலில் அலுமினியத் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு, கண்ணாடி அலமாரிகளை நாமே திறந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மேலே சிப்பி வரிபோல் சர்க்கரைப் பூச்சு போட்ட பன், கொஞ்சா. பன்றிக்குட்டி வடிவத்தில் வெல்ல வாசனையோடு ஒரு பிஸ்கட். ஜனவரி 6 வாக்கில் மோதிரம் மாதிரி பெரிய ரொஸ்கா ரொட்டி. உள்ளே புதைத்த குட்டிப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே (சோளமாவுக்குள் பூரணம் வைத்துச் சுற்றி ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டை மாதிரி) வாங்கித் தர வேண்டும். போன வருடம் அது என் துண்டில் வந்தது.

ஆனால் எங்கள் பஞ்சாயத்தைத் தீர்த்தது பன் அல்ல, டாக்கோவின் அந்தச் சோளச் சப்பாத்தி, டோர்த்தியா.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒரு சனிக்கிழமை பேக்கரிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள்: "ஏல, சுண்ணாம்பு வாடைல்லா அடிக்கு?" அடித்தது சுண்ணாம்பேதான். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுகிறார்கள். நிக்ஸ்தமால் என்று பெயர். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பையன் அதை அலசிக்கொண்டிருந்தான். தோல் மஞ்சள் மஞ்சளாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. எட்டிப் பார்த்த அம்மாவின் கையில் சிரித்துக்கொண்டே நாலு மணியை வைத்தான். அம்மா விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உளுந்துத் தொலி மாதிரில்லா வழுக்கிட்டு வருது" என்றாள்.

கோதுமைபோல் மக்காச்சோளத்தில் பசைத்தன்மை கிடையாது. வெறும் சோளமாவைப் பிசைந்து தட்டினால் விண்டுவிடும். ஒட்டவைப்பது சுண்ணாம்புதான். சோளத்துக்குள் சிக்கிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்புக்குக் கிடைக்கச் செய்வதும் அதுவே. மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட வட இத்தாலி போன்ற இடங்களில் ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள்.

இந்த வேலையெல்லாம் மிச்சம் என்று வந்ததுதான் மாசேக்கா மாதிரியான உடனடி மாவு. அதைத் தயாரிக்கும் க்ரூமா கம்பெனி 1949-இல் மெக்சிகோவில் தொடங்கியது. அதுவும் சுண்ணாம்பில் வெந்த சோளம்தான், உலர்த்திப் பொடித்திருப்பார்கள். தப்பில்லை. கிரைண்டரில் ஆட்டிய தோசை மாவுக்கும் பாக்கெட் மிக்ஸுக்கும் உள்ள தூரம், அவ்வளவே. கல்லில் போட்ட உடனே இரண்டும் ஒரே மாதிரி மணக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

அது எனக்குத் தெரிந்ததே ஒரு விபத்தில்தான். ஆபீஸ் நண்பர் வீட்டு விருந்துக்கு வேறொரு ட்ரக்கிலிருந்து டாக்கோ வந்தது. தட்டு எங்கள் வரிசைக்கு வருவதற்குள் அடியில் ஊறி, மடித்த இடத்தில் பிளந்து, கறி முழுக்க என் மடியில். ட்ரக்கைக் குறை சொல்ல முடியாது. அந்த டாக்கோ அங்கேயே நின்று மூன்று கடியில் முடிக்கச் செய்தது. பேக்கரி டோர்த்தியாவோ கல்லில் புல்கா மாதிரி உப்பி எழும். துணியில் சுற்றி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மடிக்க மடிக்க வளையும். மறுநாள் விறைத்துத்தான் போகும், ஆனால் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் அரை நிமிடம் காட்டினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். நாற்பது பேர் பந்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எல்லா மெக்சிகன் பேக்கரியிலும் சோளம் ஊறவைப்பதில்லை. பல இடங்களில் டோர்த்தியா வெளியிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் தமாலே செய்ய மாசா, அதாவது அரைத்த நிக்ஸ்தமால் மாவு, வாங்கப் பாத்திரத்தோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் பெரும்பாலும் அரவை உள்ளேயேதான்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோள டோர்த்தியாவில் பொதுவாகச் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டுமே. கோதுமை டோர்த்தியா, மசித்த பீன்ஸ், சில பன், தமாலேக்கென்று கலந்து வைத்த மாசா, இவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். "மாண்டேகா?" (ஸ்பானிஷில் அந்தக் கொழுப்புக்குப் பெயர்) என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் மனைவி வழக்கமாகச் சொல்வது நோப்பாலெஸ் டாக்கோ. நம்மூர் வேலியில் முள்ளோடு நிற்குமே, அந்தச் சப்பாத்திக்கள்ளியின் இனம்தான். முள்ளைச் சீவி வதக்கினால் வெண்டைக்காய்போலவே கொழகொழப்பு.

ட்ரக் ஜெயிக்கிற இடமும் உண்டு: அல் பாஸ்டோர். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுபோன ஷவர்மாவின் வாரிசு. செந்நிற மசாலாவில் ஊறிய பன்றிக்கறி கம்பியில் சுழல, உச்சியில் அன்னாசி. ட்ரக்காரர் கறியைச் சீவும்போதே ஒரு துண்டு அன்னாசியையும் சுண்டிவிட்டு டோர்த்தியாவில் பிடிப்பார். பேக்கரியில் அதே பெயரில் வருவது தட்டையான கல்லில் வதக்கிய கறி, பக்கத்தில்கூட வராது. மாட்டு நாக்கு, தலைக்கறி டாக்கோக்களிலும் ட்ரக்தான் மேல் என்கிறார்கள் நண்பர்கள். நான் அவற்றைச் சாப்பிடுவதில்லை, அதனால் அதற்கு மார்க் போடவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கரியில் இரண்டு டஜன் டோர்த்தியா வாங்கித் துணியில் சுற்றிக்கொள்கிறேன். திரும்பும் வழியில் ட்ரக்கில் ஒரு பவுண்டு பாஸ்டோர், கறி மட்டும். முதல் தடவை "டோர்த்தியா வேண்டாமா?" என்று சைகையில் கேட்ட ட்ரக்காரர், என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அன்னாசியை மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சீவிப் போட்டார்.