47 குப்பி, 2 மணிக்கட்டு, 3 வருடம்

என் வாசனை நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "5 நிமிடம். எரிந்த பிளாஸ்டிக். கழுவியாச்சு." அதே எண்ணெயில் பிறகு முழுக் குப்பி வாங்கி, இப்போது அதிலும் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. அந்த வரிக்கும் இந்தக் குப்பிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தபோது எழுதத் தோன்றியதுதான் இது.

ஒருவரோ இருவரோ சேர்ந்து சின்ன அளவில் கலந்து விற்கிற இண்டி பெர்ஃப்யூம் எண்ணெய்கள்தான் விஷயம். ஆல்கஹால் கிடையாது. வாசனைப் பொருள்களை வாசனையில்லாத ஓர் எண்ணெயில் கலந்து, பெரும்பாலும் 5 மில்லி குப்பியில் தருவார்கள். பயந்தவர்களுக்கு 1 மில்லி சாம்பிளும் உண்டு. மூன்று வருடத்தில் 47 சாம்பிள் வாங்கிவிட்டேன், எல்லாம் சொந்தக் காசு. அதில் முழுக் குப்பி வாங்கும் அளவுக்குத் தேறியவை 6.

ஸ்ப்ரே அடித்தே பழகியவர்களுக்கு முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஸ்ப்ரேயில் இருக்கிற ஆல்கஹால் தோலில் பட்டதும் மளமளவென்று ஆவியாகும். போகும்போது வாசனையையும் தூக்கிக்கொண்டு போகும். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வருவது அதனால்தான். எண்ணெய்க்கு அந்த அவசரமே இல்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு, உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இது வசதி. அலுவலகத்தில் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் இது உங்களுக்கானதில்லை.

சரி, தடவிப் பார்க்கிற முறைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒரே மாலையில் ஏழு சாம்பிளைத் திறந்து, மணிக்கட்டு, முழங்கை, புறங்கை என்று ஆளுக்கொரு இடம் ஒதுக்கியிருந்தேன். மூன்றாவதுக்கு மேல் எல்லாமே ஒரே இனிப்பாக இருந்தது. மூக்கு அவ்வளவுதான் தாங்கும். காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு மறுபடி தெளியும் என்பார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் காபிக்கொட்டை வெறும் காற்றைவிட ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. நான் இப்போது என் சட்டைக் கையையே முகர்ந்துகொள்கிறேன், இல்லையென்றால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இப்போதைய வழக்கம் இது. ஒரு நாளைக்கு இரண்டு எண்ணெய், இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று. வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாகத் துடைத்தபிறகு, அரிசி அளவுக்கு ஒரு சொட்டு. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்ப்பதில்லை. தேய்த்தால் மூலக்கூறு நசுங்கிவிடும் என்பதெல்லாம் கதை. தேய்க்கிற சூட்டில் முதலில் வருகிற மெல்லிய வாசனைகள் சட்டென்று பறந்துவிடும், அவ்வளவே. அதோடு இடதும் வலதும் கலந்துவிட்டால் எதற்கு இரண்டு கை? அப்புறம் 5 நிமிடம், அரை மணி, 2 மணி, 6 மணி, மறுநாள் காலை என்று ஐந்து முறை முகர்ந்து எழுதுவேன். ஒவ்வோர் எண்ணெயையும் வேறு வேறு நாளில் மூன்று தடவை போட்டுப் பார்க்காமல் மதிப்பெண் கிடையாது. வறண்ட நாளில் இரண்டு மணி நேரத்தில் காணாமல்போன ஒன்று, புழுக்கமான நாளில் மாலைவரை நின்றிருக்கிறது. தோல் காய்ந்திருந்தால் முதலில் வாசனையில்லாத லோஷனைத் தடவிக்கொண்டால் கூடுதல் நேரம் நிற்கும்; இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது என்பது வெட்கக்கேடு.

இந்த வழக்கத்தில் ஒன்றை மட்டும் அடிபட்டுத்தான் கற்றேன். இரண்டாவது வருடம், இலவங்கப்பட்டை தூக்கலாக இருந்த ஓர் எண்ணெய் வந்தது. மூடியைத் திறந்ததுமே பிடித்துவிட்டதால் பேட்ச் டெஸ்ட் (ஒரு புள்ளி மட்டும் பூசிக் காத்திருப்பது) எதுவும் செய்யாமல் இரண்டு முழங்கை மடிப்பிலும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாளும் லேசான அரிப்புதான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், விரலால் இழுத்த கோடு எப்படி இருந்ததோ அதே வடிவத்தில் சிவந்து தடித்திருந்தது, வால் மாதிரி மெலிந்து முடிந்த இடம் உட்பட. பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடுதான் தோலுக்கு நன்கு தெரிந்த எதிரியும். இந்த வகை ஒவ்வாமை உடனே காட்டாது; ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எழும்பும். அதனால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. தயாரித்தவருக்கு எழுதிக் கேட்டேன். "எல்லாம் இயற்கைப் பொருள்தான்" என்று பதில் வந்தது. பட்டையும் இயற்கைதான், என் கையில் வந்த தடிப்பும் இயற்கைதான்.

இப்போது எந்தப் புது எண்ணெயானாலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி வைத்து மூன்று நாள் காத்திருக்கிறேன். பெர்கமாட் மாதிரி எலுமிச்சை இன வாசனைகள் இருந்தால் வெயில் படுகிற இடத்தில் பூசுவதுமில்லை. பெர்கமாட்டில் இயல்பாக இருக்கிற பெர்காப்டென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடும். அதை நீக்கிய பெர்கமாட் எண்ணெய் கிடைக்கிறது. நல்ல தயாரிப்பாளர் எதைப் போட்டேன் என்று கேட்டவுடன் சொல்வார். சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

முதல் பக்கத்து எண்ணெய்க்குத் திரும்புகிறேன். தோல் (பை, செருப்பு செய்கிற லெதர்), புகை, வெனிலா என்று அட்டையில் போட்டிருந்தது. பார்சலில் பக்கத்துக் குப்பி ஒழுகியதில் இதன் லேபிளில் மை கரைந்து எதுவும் படிக்க முடியாமல்போனது. கழுவிவிட்ட கோபத்தில் அதை டப்பாவின் அடியில் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி கைக்கு அகப்பட்ட பெயர் தெரியாத குப்பியைத் திறந்து தடவிக்கொண்டு, முகர்ந்து பார்க்கக்கூட மறந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்தைப் புரட்டும்போது மணிக்கட்டிலிருந்து ஒன்று வந்தது: அடுப்பு அணைந்து வெகுநேரமான அறை, அதில் யாரோ கழற்றி வைத்த பழைய தோல் பை, அந்தப் பைக்குள் ஏதோ இனிப்பு. காலையில் தலையணை உறையிலும் அந்த இனிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. எந்தக் குப்பி என்று தெரிய, நோட்டையும் டப்பாவையும் வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சிய பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

தோல் வாசனை என்று போட்டிருந்தால் அதில் தோல் எதுவும் இருக்காது. பிர்ச் மரத் தார் மாதிரியான புகைப் பொருள்களோ செயற்கை மூலக்கூறுகளோ சேர்ந்துதான் அந்த மாயத்தைச் செய்கின்றன. தொடக்கத்தில் அவை முரட்டுத்தனமாக முன்னால் வரும். வெனிலின் மாதிரி கனமானவை மெதுவாகத்தான் எழும், எழுந்தபிறகு விடாது. நான் ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்பு எழுதியிருந்தேன். அந்த எண்ணெயின் கதை நாற்பதாவது நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது. லேபிள் கரையாமல் இருந்திருந்தால் அந்தக் குப்பியை நான் மறுபடி தொட்டிருக்கவே மாட்டேன். அதிலிருந்து புதுச் சாம்பிள்களின் லேபிளை டேப் ஒட்டி மறைத்து, எண் மட்டும் போட்டு வைக்கிறேன். மூன்று தடவை போட்ட பிறகுதான் டேப்பைப் பிரிப்பேன். (எட்டு மாதத்தில் எண்ணெயும் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். தபாலில் வந்த குப்பியை இரண்டு வாரம் தொடாமல் வை என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். சிலவற்றில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் துளியும் இல்லை.)

அட்டையில் போடுகிற பட்டியலைப் பற்றி இன்னொன்று. அது செய்முறைப் பட்டியல் இல்லை. என்ன தோன்ற வேண்டும் என்று தயாரித்தவர் நினைத்தாரோ அதன் பட்டியல். "பழைய நூலகம்", "உறைந்த ஏரி" என்றெல்லாம் வரும், ரசிக்கலாம். ஆனால் சாதாரணமாகத் தெரிகிற சொல்லும் அப்படித்தான். லில்லி ஆஃப் தி வேலி என்ற பூவிலிருந்து விற்கிற அளவுக்கு எண்ணெய் எடுக்கவே முடிவதில்லை. குப்பியில் இருப்பது முழுக்கக் கட்டியெழுப்பிய வாசனை. அந்தப் பூவாசனைக்கு வெகுகாலம் பயன்பட்ட லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் அழகுசாதனங்களில் தடை செய்தது. ஆம்பர் என்பதும் ஒரு பொருள் இல்லை. லாப்டனம், பென்சோயின் என்ற பிசின்களும் வெனிலாவும் சேர்ந்த கூட்டணி. அதனால்தான் ஒருவரின் ஆம்பர் தேனாகவும் இன்னொருவரின் ஆம்பர் மருந்துப்பெட்டியாகவும் இருக்கிறது. மாறாமல் இருப்பது வெட்டிவேர். உலகமே நம் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறது. யார் கலந்தாலும் என் கையில் ஈர மண்ணும் வேரும்தான்.

மல்லிகை விஷயத்தில் நான் தோற்றுப்போனேன். அதில் இண்டோல் என்று ஒரு பொருள் உண்டு. அளவாக இருந்தால் பூ உயிரோடு இருப்பது மாதிரி தோன்றும், கூடினால் அந்துருண்டை. ஐந்து மல்லிகை எண்ணெய் போட்டுப் பார்த்தேன், நாலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் அலமாரி வாசனைதான் வந்தது. ஐந்தாவது நன்றாக இருந்தது, ஆனால் அதில் மல்லிகையைத் தேட வேண்டியிருந்தது.

மழை வாசனை என்று விற்கிறவற்றில் மூன்று பார்த்தேன். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்குகிற ஜியோஸ்மின்தான் அந்த வாசனையின் உயிர். தண்ணீரில் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மனிதர்களுக்குத் தெரிந்துவிடும். கலக்கிறவரின் கை கொஞ்சம் தவறினாலும் போச்சு. இரண்டில் தவறியிருந்தது: பத்து நிமிடம் முதல் மழை, பிறகு நாள் முழுக்கப் பாசி பிடித்த தொட்டி. மூன்றாவதை வாங்கினேன், வெயில் நாளில் மட்டும் போடுகிறேன்.

என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது 31ஆம் எண். மஸ்க், அதாவது கஸ்தூரி வகை வாசனை, என்று பிறகு தெரிந்தது. மூன்று நாள் போட்டும் ஒன்றுமே தெரியவில்லை. நோட்டில் "வெறும் எண்ணெய், ஏமாற்று" என்று எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் மாலை தங்கை கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா, துணி ஏதாவது ஊற வெச்சிருக்கியா? வீடெல்லாம் சலவை வாசனையா இருக்கு."

கையை நீட்டினேன். இதுதான் என்றாள். எனக்கு அப்போதும் ஒன்றும் இல்லை. சில மஸ்க் மூலக்கூறுகள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாதாம். மற்ற வாசனையெல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும் அந்த ஓர் இடம் மட்டும் வெற்றிடம். சலவைத்தூள்களில் மஸ்க் வெகுவாகப் பயன்படுவதால் அவளுக்குத் துணி ஞாபகம் வந்ததும் நியாயமே. "ஏமாற்று" என்பதை அடித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் எழுதிய எத்தனை "வாசனை நிற்கவில்லை"க்கு எண்ணெய் காரணம், எத்தனைக்கு என் மூக்கு காரணம் என்று இனிமேல் பிரிக்க வழியில்லை. நான் நேரம் குறிப்பதை நம்புங்கள், "நிற்கவில்லை" என்பதைப் பாதி நம்புங்கள்.

சில்லறைக் குறைகள். மூடி இறுகாத சாம்பிள்களால் மூன்று பார்சல் எண்ணெய்க் குளியலோடு வந்தன. ஒரு தயாரிப்பாளர் கேட்காமலே வேறு அனுப்பினார், மற்ற இருவரிடமிருந்து பதிலே இல்லை. வெனிலா கனமான எண்ணெய்கள் நாளாக ஆகப் பழுப்பாகும். என் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பு ஒன்று போய்விட்டது. எலுமிச்சை இன வாசனைகள் சீக்கிரம் ஆக்சிஜன் பட்டுக் கெடும், கெட்டபின் தோலை உறுத்தவும் செய்யும். அதனால் அவற்றில் முழுக் குப்பி வாங்குவதை விட்டுவிட்டேன். பச்சூலி என்ற இலையின் எண்ணெயும் பிசின் வகைகளும் எதிர்மாறு, வருடம் போகப்போக முனை மழுங்கி அழகாகின்றன. எந்த எண்ணெயில் கலந்தது என்றும் கேளுங்கள். ஜோஜோபா உண்மையில் திரவ மெழுகு, எளிதில் காறாது. மலிவான தாவர எண்ணெயில் கலந்த இரண்டு சாம்பிள் ஒன்றரை வருடத்தில் காறல் வாடை அடித்துக் குப்பைக்குப் போயின.

இதை எழுத உட்கார்ந்தபோது இடது கையில் 48ஆவதைப் போட்டுக்கொண்டேன், டேப் இன்னும் பிரிக்கவில்லை. 5 நிமிடத்தில் மிளகு. அரை மணியில் ஈர மரம், நன்றாக இருந்தது. இப்போது இரண்டேகால் மணி நேரம், கால் மணியாக எதுவுமே வரவில்லை. நோட்டில் "நிற்கவில்லை" என்று எழுதப்போய் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். தங்கை வர ஏழு மணி ஆகும்.